தெர்மோஜிஐஎஸ்: சூட்டைச் சரியாகச் சொல்கிறது, தண்ணீர் வருமா என்று கேட்டால் கொஞ்சம் இழுக்கிறது

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். நிலத்தடி வெப்பத்தைக் காட்டும் இணைய வரைபடமான தெர்மோஜிஐஎஸ்-க்கு ஐந்துக்கு நான்கு. அதோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய டப்லெட்கால்க் என்ற கணக்கு மென்பொருளுக்கு நாலரை. இரண்டையும் செய்து வெளியிட்டிருப்பது நெதர்லாந்தின் டிஎன்ஓ ஆய்வு நிறுவனம், இரண்டுக்கும் காசு கிடையாது. இலவசம் என்பதற்காகக் கூடுதலாகப் போடவில்லை. இதே வேலையைப் பணம் கொடுத்து ஒரு கன்சல்டன்ட்டிடம் ஒப்படைத்தாலும் அவர் முதல் நாள் காலையில் திறந்து பார்ப்பது இந்த வரைபடத்தைத்தான்.

என்ன பொருள் இது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நெதர்லாந்தில் பூமிக்கடியில் ஒன்றரை கி.மீ. முதல் மூன்று கி.மீ. வரை ஆழத்தில் மணற்பாறை அடுக்குகள் இருக்கின்றன. அவற்றின் நுண்துளைகளில் உப்புத் தண்ணீர், அதுவும் 50, 60, 80 டிகிரி சூட்டில். ஒரு கிணறு வழியாக அதை மேலே ஏற்றி, வெப்பத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, ஆறிய தண்ணீரை இன்னொரு கிணறு வழியாக அதே அடுக்குக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த ஜோடிக் கிணறுகளுக்குத்தான் டப்லெட் என்று பெயர். மின்சாரம் எடுப்பதெல்லாம் இல்லை. தக்காளிக் கண்ணாடிக்கூடங்களையும் வீடுகளையும் குளிர்காலத்தில் சூடாக வைத்திருப்பதுதான் வேலை. 2007-ல் பிளைஸ்வைக் என்ற ஊரில் ஒரு தக்காளி விவசாயி துணிந்து முதல் டப்லெட்டைப் போட்டார். இப்போது நாடு முழுக்கச் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 7 பெட்டாஜூல் (ஒரு பெட்டாஜூல் என்பது ஆயிரம் லட்சம் கோடி ஜூல்) வெப்பம் இப்படி வருகிறது.

ஒரு டப்லெட் போட பல மில்லியன் யூரோ ஆகும். குழி தோண்டி முடித்த பிறகு தண்ணீர் வரவில்லை என்றால் அந்தப் பணம் போனதுதான். அதனால் தோண்டுவதற்கு முன்பே கீழே எவ்வளவு வெப்பம், எவ்வளவு தண்ணீர் என்று மதிப்பிட வேண்டும். ஊரில் போர் போடுகிறவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருகிறாரே, அதே கவலைதான் இங்கேயும். தேங்காய்க்குப் பதில் தெர்மோஜிஐஎஸ்.

பிரவுசரில் திறந்தால் நெதர்லாந்து வரைபடம். அடுக்கைத் தேர்ந்தெடுக்கலாம்: வடக்கே பெர்மியன் காலத்து ரோட்லீகெண்ட், மேற்கே டெல்ஃப்ட் மணற்பாறை மாதிரியான கீழ் கிரெட்டேசியஸ் அடுக்குகள், காலத்தால் இவற்றுக்கு நடுவில் வரும் ட்ரயாசிக் என்று. ஒவ்வொரு அடுக்குக்கும் ஆழம், கனம், துளைவெளி (பாறையில் நுண்துளைகளின் பங்கு), ஊடுருவுதிறன் (அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது), வெப்பநிலை, பாறையில் மொத்தமாகத் தங்கியிருக்கும் வெப்பம், ஒரு டப்லெட் போட்டால் எத்தனை மெகாவாட் கிடைக்கும், ஒரு யூனிட் வெப்பத்துக்கு என்ன செலவாகும், கடைசியாகப் பொருளாதார ரீதியில் தேறுமா தேறாதா என்று நிறம் பூசிய ஒரு படம். வேண்டுமானால் தரவைத் தரவிறக்கி உங்கள் ஜிஐஎஸ் எனும் வரைபட மென்பொருளில் போட்டுக்கொள்ளலாம். டச்சு தெரிய வேண்டாம், ஆங்கிலத்திலும் இருக்கிறது.

இவ்வளவு விவரத்தை இலவசமாகக் கொட்டிவைக்க எப்படி முடிந்தது என்பதில்தான் இதன் உண்மையான பலம். அந்த நாட்டில் 1943-ல் ஸ்கோனெபேக்கில் எண்ணெய், 1959-ல் ஸ்லொக்டெரனில் அந்தப் பிரம்மாண்டமான குரோனிங்கன் எரிவாயு வயல் கிடைத்தன. அதிலிருந்து எண்ணெய், வாயுக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் கிணறுகள் துளைத்தன, பல்லாயிரம் கி.மீ.க்கு நில அதிர்வு அளவீடுகள் (அதிர்வலை அனுப்பி அடியிலுள்ள அடுக்குகளைப் படம்பிடிப்பது) எடுத்தன. 2003-ல் நடைமுறைக்கு வந்த சுரங்கச் சட்டத்தின்படி இந்தத் தரவு ஐந்து வருடத்தில் பொதுவுக்கு வந்துவிட வேண்டும். என்எல்ஓஜி என்ற தளத்தில் கிணறு வாரியாக எடுத்துப் பார்க்கலாம்: லாக் வரைபடங்கள் (கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழம் ஆழமாக அளந்த பதிவுகள்), பாறைத் துண்டு அளவீடுகள், சோதனை அறிக்கைகள். யாரோ வாயு தேடி ஏமாந்து மூடிவிட்டுப் போன கிணற்றின் காகிதம் இன்று ஒரு தோட்டக்காரருக்குச் சூடு காட்டுகிறது. வாயு கிடைத்த ஸ்லொக்டெரன் மணற்பாறையேதான், வாயு இல்லாத இடங்களில் வெந்நீர் அடுக்காகப் பயன்படுகிறது.

சரி, எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வருவோம். வெப்பநிலை வரைபடத்தைத் தாராளமாக நம்பலாம். மேலே சராசரி 10 டிகிரி, ஒவ்வொரு கி.மீ.க்கும் ஏறக்குறைய 31 டிகிரி ஏறும். இந்த ஒரு வரியை வைத்தே அரைக்கணக்கு போட்டுவிடலாம், பெரிதாகத் தப்பாது. இருந்தாலும் இவர்கள் அதோடு நிற்கவில்லை. கிணறு தோண்டி முடித்தவுடன் அடியில் அளக்கிற வெப்பநிலை எப்போதும் குறைவாகத்தான் காட்டும். துளைக்கும்போது சுற்றவிட்ட சேறு பாறையைக் குளிர்வித்திருக்கும். அதைத் திருத்தித்தான் சேர்க்க வேண்டும். இன்னொரு விஷயம் உப்புக் குவிமாடங்கள். பாறை உப்பு வெப்பத்தை மற்றப் பாறைகளைவிட மிக வேகமாகக் கடத்தும். அதனால் குவிமாடத்தின் தலைக்கு மேலே எதிர்பார்த்ததைவிடச் சூடாகவும், அடியில் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும். நெதர்லாந்தின் வடக்குப் பகுதியில் இப்படிக் குவிமாடங்கள் நிறைய. டிஎன்ஓவின் முப்பரிமாண வெப்பநிலை மாதிரி இதையெல்லாம் கணக்கில் எடுக்கிறது. இந்தப் பகுதிக்கு மட்டும் தனியாக மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து.

பிரச்சினை ஆரம்பிப்பது அடுத்த வரைபடத்தில். பாறையில் உள்ள மொத்த வெப்பம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நேரே இதற்குத்தான் போகிறார்கள், ஏனென்றால் எண் பெரிதாக இருக்கிறது. இந்த எண் எப்படி வருகிறது என்று ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும்.

ஒரு சதுர கி.மீ. பரப்பு, 50 மீட்டர் கனம், 2,200 மீட்டர் ஆழம், 20 சதவீதம் துளைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்தில் 78 டிகிரி. ஒரு கன மீட்டர் பாறையை ஒரு டிகிரி குளிர்வித்தால் சுமார் 2.2 மெகாஜூல் கிடைக்கும், அதே அளவு தண்ணீருக்கு 4.1. எண்பதுக்கு இருபது என்று கலந்தால் 2.58. மொத்தம் 5 கோடி கன மீட்டர், மேற்பரப்போடு ஒப்பிட்டால் 68 டிகிரி வித்தியாசம். பெருக்கினால் 8.8 பெட்டாஜூல். அதில் எடுக்கக்கூடியது எவ்வளவு? ஐரோப்பியப் புவிவெப்ப அட்லஸ்களில் டப்லெட்டுக்கு வழக்கமாகப் போடும் சூத்திரம், மூன்றில் ஒரு பங்கை வெப்பநிலை விகிதத்தால் பெருக்குவது. தண்ணீரை 35 டிகிரியில் திருப்பி அனுப்பினால் 43-ஐ 68-ஆல் வகுத்து, அதை 0.33-ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 21 சதவீதம். ஆக 1.8 பெட்டாஜூல்.

இப்போது துளைவெளியை 20-லிருந்து 10 சதவீதமாகப் பாதியாக்கிப் பாருங்கள். 2.58 என்பது 2.39 ஆகிறது. அவ்வளவுதான். மொத்த வெப்பம் ஏழு சதவீதம் குறைகிறது, வரைபடத்தில் நிறம்கூட மாறாது. ஏனென்றால் வெப்பத்தில் பெரும்பகுதி பாறையில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. ஆனால் நிஜத்தில் என்ன நடந்திருக்கிறது? துளைவெளி பாதியானால் ஊடுருவுதிறன் பாதியாகாது, பத்தில் ஒரு பங்காகவோ நூறில் ஒரு பங்காகவோ விழும். துளைவெளிக்கும் ஊடுருவுதிறனுக்கும் உள்ள உறவை மடக்கைத் தாளில்தான் நேர்கோடாக வரைய முடியும். அதாவது மொத்த வெப்பம் என்ற எண், கிணற்றில் தண்ணீர் வருமா வராதா என்பதைக் கண்டுகொள்வதே இல்லை.

அதையும் கையால் போட்டுப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் என் விமர்சனம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் நிற்கிறது. ஊடுருவுதிறனை அளக்கும் அலகு டார்சி; அதையும் பயன்படும் கனத்தையும் பெருக்கினால் வருவது டார்சி-மீட்டர். 50 மீட்டரில் 40 மீட்டர் நல்ல மணல், 500 மில்லிடார்சி என்றால் 20 டார்சி-மீட்டர். கிணறுகளுக்கு இடையே ஒன்றரை கி.மீ., பாறைக்குள் தண்ணீரை நகர்த்த இரண்டு கிணற்றுக்கும் சேர்த்து நாற்பது பார் சொச்சம் அழுத்தம் கொடுத்தால் மணிக்கு சுமார் 150 கன மீட்டர் ஓடும். 78-லிருந்து 35 வரை குளிர்வித்தால் 7 மெகாவாட் வெப்பம். வருடத்துக்கு 6,000 மணி நேரம் ஓட்டினால் 0.15 பெட்டாஜூல், மேலே சொன்ன 1.8-ஐ வைத்துப் பார்த்தால் இரண்டரை சதுர கி.மீ. அடுக்கு இருந்தால் முப்பது வருடம் தாங்கும். அருமையான திட்டம். அதே இடம், அதே சூடு, டார்சி-மீட்டர் மட்டும் 20-க்குப் பதில் 2 என்றால் மணிக்கு 15 கன மீட்டர், 0.7 மெகாவாட். கிணறு தோண்டிய செலவுக்கு வட்டி கட்டக்கூடக் காணாது. மொத்த வெப்ப வரைபடத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நிறம்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, நிறையப் பேர் கவனிக்காதது. அழுத்தத்தில் பெரும்பகுதியைத் தின்பது வெந்நீர் எடுக்கும் கிணறு அல்ல, ஆறிய நீரை உள்ளே தள்ளும் கிணறு. 78 டிகிரியில் ஓடுகிற உப்புநீரைவிட 35 டிகிரி உப்புநீர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டி. இன்னும் அதிக வெப்பத்தைப் பிழிந்தெடுக்கலாம் என்று ஹீட் பம்ப் வைத்து 20 டிகிரி வரை குளிர்வித்தால், ஒரு பக்கம் மெகாவாட் ஏறும், மறுபக்கம் உள்ளே தள்ளுவது கஷ்டமாகும். அழுத்தத்தை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது, பாறை விரிசல் விட்டுவிடக் கூடாது என்று சுரங்கக் கண்காணிப்பு அமைப்பு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

ஆக தெர்மோஜிஐஎஸ்ஸில் நீங்கள் பார்க்க வேண்டியது டார்சி-மீட்டர் வரைபடம். அதிலும் பி50 என்ற நடு மதிப்பை அல்ல. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: இந்தத் துறையில் பி90 என்றால் 90 சதவீத வாய்ப்போடு இதைவிட அதிகம் கிடைக்கும் என்று அர்த்தம், அதாவது குறைந்த மதிப்பு. புள்ளியியல் படித்தவர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டு பி90-ஐ அதிகபட்சமாக எடுத்துக்கொள்வார்கள். பி10-தான் அதிகபட்சம். நான் ஒரு இடத்தைப் பார்க்கும்போது முதலில் பி90, அப்புறம் பி10, இரண்டுக்கும் எத்தனை மடங்கு என்று பார்க்கிறேன். இரண்டு, மூன்று மடங்கு என்றால் பக்கத்தில் கிணறுகள் இருக்கின்றன, பேசலாம். இருபது முப்பது மடங்கு என்றால் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதை அந்த வரைபடம் நாகரிகமாகச் சொல்கிறது. தன் அறியாமையை இப்படி எண்ணாகப் போட்டுக் காட்டுகிற அரசுத் தளங்கள் அபூர்வம். அந்த நேர்மைக்காகவே நான்கு கொடுத்தேன்.

குறைத்த ஒன்று எதற்கு? முதலில் திறக்கிறவர் கண்ணில் படுவது நிறம், பி90-க்கும் பி10-க்கும் உள்ள இடைவெளி அல்ல. அந்த நிறப் படம் வழவழவென்று ஒரே சீராக இருக்கிறது. கிணறு உள்ள இடத்திலும் கிணறே இல்லாத இடத்திலும் ஒரே மாதிரி வழுவழுப்பு. இரண்டு கிணறுகளுக்கு நடுவில் கணித முறையில் நிரப்பிய பகுதியையும் அளந்து எடுத்த பகுதியையும் பார்வையால் பிரிக்க முடியாது. பாறை அப்படிச் சீராக இருக்காது. டெல்ஃப்ட் மணற்பாறை பழைய ஆறுகள் விட்டுச் சென்ற மணல். ஆறு ஓடிய தடத்தில் கனமான மணல், சில நூறு மீட்டர் தள்ளினால் வெறும் களிமண். அந்த அளவு நுணுக்கத்தை நாடு தழுவிய வரைபடம் காட்ட முடியாது, டிஎன்ஓவும் இது வட்டார அளவிலான முதல் பார்வைக்குத்தான், கிணறு வைக்கும் இடத்தை முடிவு செய்ய அல்ல என்றுதான் சொல்கிறது. சொல்லிவிட்டார்கள்தான். ஆனால் ஜூம் செய்ய விட்டால் மனிதன் தன் வீட்டுக் கூரை வரை ஜூம் செய்யத்தான் செய்வான்.

ஊடுருவுதிறன் ஏன் இவ்வளவு நிச்சயமற்று இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கம்பெனி கிணறு போட்டது நிலத்தடியில் பாறை அடுக்கு மேடாக வளைந்த இடங்களில். எண்ணெயும் வாயுவும் அங்கேதான் சேரும். புவிவெப்பக்காரருக்கு வேண்டியது அதே அடுக்கின் பள்ளங்கள். அங்கேதான் ஆழம், சூடு, வாயுத் தொல்லை குறைவு. ஆக நம்மிடம் உள்ள அளவீடுகள் நமக்கு வேண்டாத இடத்தில் எடுத்தவை. அடுத்தது, ஊடுருவுதிறனை அளப்பது விரல் கனமுள்ள பாறைத் துண்டில், ஆய்வகத்தில், பெரும்பாலும் தண்ணீரை வைத்து அல்ல, வாயுவைச் செலுத்தி. அதைத் திருத்தி, லாக் வழியாகத் துளைவெளியோடு இணைத்து, பிறகு ஐம்பது மீட்டர் அடுக்குக்கும் பொருத்தி, அப்புறம் பத்து கி.மீ. தள்ளி நீட்டுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நழுவும்.

மேற்கு நெதர்லாந்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். அந்தப் படுகை கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் அமுக்கப்பட்டு மேலே தூக்கப்பட்டது. இன்று இரண்டு கி.மீ.யில் இருக்கும் பாறை ஒரு காலத்தில் அதைவிட நன்றாகக் கீழே புதைந்து நசுங்கியிருக்கலாம். மேலே வந்த பிறகு துளைகள் மறுபடி விரிந்துகொள்வதில்லை. இன்றைய ஆழத்தை மட்டும் பார்த்துத் துளைவெளியை மதிப்பிட்டால் ஏமாற்றம் நிச்சயம்.

இது ஏட்டுக் கவலை அல்ல. வெஸ்ட்லாண்ட் கண்ணாடிக்கூடப் பகுதியில் ட்ரயாஸ் வெஸ்ட்லாண்ட் என்ற திட்டம், பெயரிலேயே ட்ரயாசிக் அடுக்கை வைத்துக்கொண்டு, நான்கு கி.மீ. ஆழம் வரை துளைத்தது. சூடு எதிர்பார்த்த மாதிரியே இருந்தது, 140 டிகிரி வாக்கில். தண்ணீர்தான் போதவில்லை, பாறை அவ்வளவு இறுக்கம். நல்லவேளையாக மாற்றுத் திட்டம் கையில் இருந்தது: 2.3 கி.மீ. ஆழத்தில் உள்ள கீழ் கிரெட்டேசியஸ் மணற்பாறைக்குத் திரும்பி 2018-ல் அங்கிருந்து வெந்நீர் எடுத்தார்கள். ஜெர்மனியில் மியூனிக் பக்கம் கெரெட்ஸ்ரீட்டில் 2013-ல் இதே கதை, இன்னும் மோசமாக: மால்ம் சுண்ணாம்புப் பாறையில் 160 டிகிரியைத் தாண்டிய சூடு, தண்ணீர் இல்லை. அங்கிருந்து அதிக தூரமில்லாத உன்டர்ஹாகிங்கில் அதே சுண்ணாம்புப் பாறை 3,350 மீட்டரில் 122 டிகிரித் தண்ணீரை விநாடிக்கு 150 லிட்டர் கொட்டுகிறது. மொத்த வெப்ப வரைபடத்தை மட்டும் பார்த்திருந்தால் கெரெட்ஸ்ரீட்தான் முந்தியிருக்கும்.

இங்கேதான் டப்லெட்கால்க் வருகிறது. பார்ப்பதற்குப் பழைய காலத்து ஜாவா ஜன்னல், அழகெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வேலை சுத்தம். ஆழம், கனம், அதில் நல்ல மணலின் விகிதம், ஊடுருவுதிறன், உப்பளவு ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம், நடு, அதிகபட்சம் என்று மூன்று எண் கொடுக்க வேண்டும். கிணற்றுக் குழாயின் நீளம், உள்விட்டம், உள்சுவரின் சொரசொரப்பு, பம்ப் எந்த ஆழத்தில், பம்பின் திறன் எவ்வளவு, எத்தனை பார் அழுத்தம், திருப்பி அனுப்பும் வெப்பநிலை, கிணறுகளுக்கு இடையே தூரம் என்று நிஜமான பொறியியல் விவரங்களையும் கேட்கும். பட்டனைத் தட்டினால் அந்த வரம்புகளுக்குள் சகட்டுமேனிக்கு எண்களை எடுத்துப் பல தடவை கணக்குப் போட்டு, ஓட்டம், மெகாவாட், பம்புக்கு வேண்டிய மின்சாரம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்று எல்லாவற்றையும் பி90, பி50, பி10 ஆகக் கொடுத்துவிடும்.

இது வெறும் விளையாட்டுக் கணக்கல்ல. டச்சு அரசின் மானியத்துக்கும், கிணறு பொய்த்தால் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் உத்தரவாதத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கும்போது இந்த மென்பொருளின் முடிவைத்தான் இணைக்க வேண்டும். உத்தரவாதம் நிற்பது பி90 மெகாவாட்டில். அதற்கும் கீழே போனால்தான் ஈடு. ஆக உள்ளே போடும் குறைந்தபட்ச எண்ணை யார், எந்த ஆதாரத்தில் தீர்மானித்தார்கள் என்பது பெரிய பணப் பிரச்சினை. ஆசைக்கு ஏற்ற மாதிரி குறைந்தபட்சத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் திட்டம் வங்கியில் அழகாகத் தெரியும். மென்பொருள் அதைத் தடுக்காது, அது கணக்குப் போடும், கேள்வி கேட்காது.

டப்லெட்கால்க்கில் எனக்குள்ள மனக்குறை இரண்டு. கனம், மணல் விகிதம், ஊடுருவுதிறன் மூன்றையும் அது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக எடுக்கிறது. நிஜத்தில் ஆற்று மணலில் கனம் கூடும் இடத்தில் தரமும் கூடும், மெலியும் இடத்தில் எல்லாமே சேர்ந்து மோசமாகும். தனித்தனியாக எடுத்தால் ஒன்றின் மோசம் இன்னொன்றின் நல்லதால் சமனாகி, பி90-க்கும் பி10-க்கும் இடைவெளி நிஜத்தைவிடக் குறுகலாக வரும். ஆகவே வெளியே வரும் பி90-ஐ நான் மனதுக்குள் கொஞ்சம் வெட்டிக்கொள்வேன். இன்னொன்று, அடிப்படைப் பதிப்பு இன்றைய மெகாவாட்டைச் சொல்லும், எத்தனை வருடத்தில் குளிர்ந்த நீர் வந்து சேரும் என்று சொல்லாது. அதற்கு டப்லெட்கால்க்2டி தனியாக இருக்கிறது.

இரண்டிலுமே கிடைக்காத சமாச்சாரங்கள் உண்டு. உப்புநீரில் கரைந்து வரும் வாயு, குழாயை அரிக்கும் அரிப்பு, சில அடுக்குகளிலிருந்து படியும் ஈயப் படிவு, அதில் கொஞ்சம் கதிரியக்கம் வேறு. இதெல்லாம் கிணறு ஓட ஆரம்பித்த பிறகு வருகிற தலைவலி. பிறகு நிலநடுக்கம். லிம்பர்க் மாகாணத்தில் கலிஃபோர்னியே என்ற இடத்தில் பிளவு ஓடுகிற சுண்ணாம்புப் பாறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த டப்லெட்டுகளை, சிறு அதிர்வுகள் பதிவானதால் 2018-ல் நிறுத்திவிட்டார்கள். அங்கே தண்ணீர் நன்றாக வந்ததே அந்தப் பிளவால்தான். மதிப்பீட்டு வரைபடத்தில் நல்ல நிறம் வாங்கித் தருகிற அதே விஷயம் உரிமத்தைப் பறிக்கவும் கூடும் என்பதைத் தளத்தில் ஏதாவது ஒரு மூலையில் காட்டினால் நன்றாக இருக்கும்.

வேறு தேர்வுகள் உண்டா என்றால், ஜெர்மனிக்கு ஹனோவரில் உள்ள லியாக் நிறுவனம் நடத்தும் ஜியோட்டிஸ் இருக்கிறது. வெட்டுமுக வரைபடங்கள், வெப்பநிலை, ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களின் பட்டியல் எல்லாம் அருமை. டச்சுக்காரர்கள் மாதிரி கிணற்றின் மூலத்தரவை அப்படியே கையில் கொடுக்கும் பழக்கம் மட்டும் அங்கே நீண்ட காலம் கிடையாது, நிறைய விஷயம் கம்பெனிகளின் சொத்து. பாரிஸ் படுகைக்கு இந்த மாதிரி வரைபடத்தின் தேவையே குறைவு என்று நான் சொல்வேன்: 1969-ல் மெலூனில் ஆரம்பித்து டோகர் சுண்ணாம்பு அடுக்கில் அத்தனை டப்லெட்டுகள் ஓடியிருக்கின்றன, பக்கத்துக் கிணற்றுக்காரரைக் கேட்டாலே போதும். அங்கே கேள்வி தண்ணீர் வருமா என்பதல்ல, பக்கத்து வீட்டுக் குளிர்நீர் நம் கிணற்றுக்கு எப்போது வரும் என்பது.

நெதர்லாந்திலேயே வரைபடம் திணறுகிற பகுதிகள் இருக்கின்றன. எண்ணெயும் வாயுவும் இல்லாததால் யாரும் கிணறு போடாத நடுப்பகுதிகள். வேடிக்கை என்னவென்றால் உட்ரெக்ட், ஆம்ஸ்டர்டாம் மாதிரி வெப்பத்துக்கு ஆள் நிறைய இருக்கும் ஊர்கள் பக்கம்தான் தரவு குறைவு. இதற்காகவே இபிஎன் என்ற அரசு நிறுவனமும் டிஎன்ஓவும் சேர்ந்து ஸ்கேன் என்ற திட்டத்தில் புதிய நில அதிர்வுக் கோடுகள் எடுத்து, பழையவற்றைத் திருத்தி, சில ஆய்வுக் கிணறுகளும் துளைத்து வருகிறார்கள். விற்பதற்காக அல்ல, வரைபடத்தில் உள்ள ஓட்டையை அடைப்பதற்காக ஒரு அரசாங்கம் கிணறு தோண்டுகிறது. அந்தத் தரவு சேரச் சேர தெர்மோஜிஐஎஸ் புதுப்பிக்கப்படுகிறது, ஆகவே இரண்டு மூன்று வருடத்துக்கு முன் எடுத்து வைத்த படத்தை வைத்துக்கொண்டு யாரும் விவாதிக்க வேண்டாம், மறுபடி திறந்து பாருங்கள்.

யார் பயன்படுத்தலாம்? புவியியல் மாணவர்கள் கட்டாயம். மேலே போட்ட கணக்கை உங்களுக்குப் பிடித்த ஊருக்கு நீங்களே போட்டு, தளம் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு செமஸ்டர் பாடம் ஒரு மாலையில் புரியும். நகராட்சி, வீட்டுவசதி அமைப்புகளில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் யோசிக்கலாம், எந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம் என்று பிரித்துக்கொள்ளலாம். முதலீடு செய்ய வருகிறவர்கள் மட்டும் நிறப் படத்தை ஸ்லைடில் ஒட்டிக்கொண்டு வரவேண்டாம்.

கடைசியாக ஒரு பழக்கம், செலவில்லாதது. தெர்மோஜிஐஎஸ்ஸில் ஒரு இடம் பிடித்துப்போனால் பக்கத்து டேபில் என்எல்ஓஜி வரைபடத்தைத் திறந்து, அந்த அடுக்கைத் துளைத்துப் போன கிணறுகள் அங்கிருந்து எத்தனை கி.மீ.யில் இருக்கின்றன என்று பாருங்கள். ஐந்து கி.மீ.க்குள் இரண்டு மூன்று இருந்து, பி90-லேயே 10 டார்சி-மீட்டர் காட்டினால் டப்லெட்கால்க்கை இறக்கிக்கொண்டு உட்காரலாம். பக்கத்தில் கிணறே இல்லை என்றால் புதிய நில அதிர்வு அளவீட்டுக்கு என்ன விலை என்று முதலில் கேளுங்கள்.